பச்சைப் பொத்தான்

அது அவளுடைய மேலங்கி.

பனி மூடிய வயலின் நடுவே, உயரமான கம்பத்தில், வைக்கோல் பொம்மை ஒன்று அதைப் போட்டுக்கொண்டு நின்றது.

நீல நிறம். மூன்று பொத்தான்கள் கறுப்பு, ஒன்று பச்சை. தொலைந்துபோன பொத்தானுக்குப் பதிலாகப் பச்சையைத் தைத்தவளே அவள்தான்.

பேருந்தை விட்டு இறங்கி முதலில் வீட்டுக்குத்தான் போனாள். பூட்டிக் கிடந்தது. பூட்டிக் கிடக்காமல் என்ன செய்யும்? குளிர்காலத்தை வழியனுப்பும் ஞாயிற்றுக்கிழமை. எந்த ரஷ்யக் கிராமத்தில் அன்று மதியம் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்? வைக்கோலால் குளிர்காலக் கிழவியைச் செய்து, இனி வேண்டாத துணியை உடுத்தி, வயலில் வைத்து எரிப்பார்கள்.

இனி வேண்டாத துணி.

நகரத்துக் காசநோய் மருத்துவமனையில் இந்தக் குளிர்காலம் முழுவதும் படுத்துக் கிடந்தாள். வசந்தம் வரை தாங்காது என்று டாக்டர் அவள் கணவன் மக்காரிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு மக்கார் வரவில்லை. பாவம், பார்க்க மனசு தாங்கவில்லை போலும் என்று அவளே அவனுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பைத்தியக்காரி. இருமல் தூங்கவிடாத போதெல்லாம் இந்த மேலங்கியைத்தான் நினைத்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால், ஆணியில், தனக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும் என்று.

எப்படியோ பிழைத்துவிட்டாள். சொல்லாமல் போய் அவன் முன்னால் நிற்க வேண்டும் என்று ஆசை வேறு.

யாரோ தீ வைத்தார்கள். பொம்மையின் பாவாடை பற்றிக்கொண்டது.

“போ, போ! திரும்பி வராதே!”

பிள்ளைகள் கத்தினார்கள். வருடா வருடம் குளிர்காலத்தைப் பார்த்துக் கத்துவதுதான். சின்ன வயதில் அவளும் கத்தியிருக்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பெலகேயா திரும்பிப் பார்த்தாள். அவள் கையிலிருந்த வெண்ணெய் அப்பம் பனியில் விழுந்தது. அவசரமாகச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

“ஐயோ கடவுளே! நீ போயிட்டேன்னு மக்கார் சொன்னானேடி! கோயில்ல உனக்கு மெழுகுவத்தி ஏத்தி அழுதோமே!”



ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடைசியாக மக்கார் திரும்பினான். அவன் முழங்கையைப் பிடித்திருந்த பெண் மெல்லத் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு மன்னிப்பு ஞாயிறும்கூட. காலையிலிருந்து எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பாலைச் சிந்தியவனும் கேட்பான், வேலியைத் தள்ளிப் போட்டவனும் கேட்பான். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்.

மக்கார் அவள் முன்னால் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான்.

“என்னை மன்னிச்சிரு.”

இன்று எத்தனை பேரிடம் இதைச் சொன்னானோ.

பிள்ளைகள் கத்துவதை நிறுத்திவிட்டார்கள். தீ மேலங்கிக்கு ஏறியது. பச்சைப் பொத்தான் உருகி விழும் வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள்.

“கடவுள் மன்னிப்பார்.”

மக்கார் மீதிக்காகக் காத்து நின்றான்.

அவள் வீட்டுச் சாவிக்காகக் கையை நீட்டினாள்.