ஞாயிற்றுக்கிழமை மெருகு

"நைனா, ஷெட்டைத் தொற. எம் பொழப்பு போச்சி."

சித்தூர் மிஷன் கோயில் சந்து. 1973. ஞாயிறு காலை எட்டரை. முதல் மணி அடித்தாயிற்று. கார் பெயிண்டர் ஜீவரத்தினம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பைபிளோடு ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் மனைவி தபீதாள்.

அவருடைய ஷெட் வாசலில் ஒரு கார். சிவப்பு. இரண்டே சீட். கூரை கிடையாது. தரையோடு படுத்துப் பாயக் காத்திருப்பதுபோல் நின்றது. அந்த மாதிரி வண்டி சித்தூர் அதுவரை பார்த்ததில்லை.

கூப்பிட்டவன் டிரைவர் அப்பாவு. பக்கத்துப் புத்தலப்பட்டுக்காரன். முதலாளி வேதாச்சலம் மெட்ராஸில் எண்ணெய் வியாபாரி. கார் கப்பலில் இறங்கி இருபத்தோரு நாள்தான் ஆகிறது. பூஜை போடத் திருப்பதிக்குப் போகிறார்கள். ராத்திரி சித்தூரில் தங்கை வீட்டில் தங்கல், காலை பத்து மணிக்குப் புறப்பாடு. அப்பாவு விடிந்ததும் வண்டியைச் சந்தில் நிழலாகப் பார்த்து நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனான். வந்து பார்த்தால் கதவிலிருந்து பின் சக்கரம் வரைக்கும் ஒரு முழத்துக்குக் கோடு.

"ஏறதுக்கு முன்னாடி வண்டியச் சுத்தி ஒரு ரவுண்டு வருவாரு நைனா. பார்த்தாருன்னா என்னை இங்கயே எறக்கி வுட்டுட்டுப் போய்க்கினே இருப்பாரு. முன்ன இருந்த டிரைவருக்குப் பெயிண்டுல ஒரு புள்ளி பட்டதுக்கே வேல போச்சி."

ஜீவரத்தினம் ஞாயிற்றுக்கிழமை வேலை தொடமாட்டார். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். தாசில்தார் ஜீப்பையே நாளைக்கு வா என்று அனுப்பியவர். இவனுக்கும் அதையே சொன்னார். சொல்லிக்கொண்டே குனிந்து கோட்டைப் பார்த்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

நிமிர்ந்தபோது சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கோயிலுக்குப் போ" என்றார் மனைவியிடம்.

வண்டியைக் கண்டதும் மனுஷனுக்குப் புத்தி போயிடுச்சி என்று முனகிக்கொண்டே தபீதாள் போனாள்.

கோட்டின்மேல் நகத்தை ஓட்டினார். வழுக்கிக்கொண்டு போனது. ஒரே ஓர் இடத்தில் தட்டியது. அங்கேதான் ஆபத்து. மேலே இருக்கிற பெயிண்ட் ஒரு நூல் கனம். அதைத் தாண்டித் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு பல்லைக் காட்டும். இந்தச் சிவப்பு மெட்ராஸிலேயே கிடைக்காது.

தேய்ந்துபோன வாட்டர் பேப்பராக, சொரசொரப்பு மழுங்கிய உப்புத்தாளாகப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். தேய்க்க ஆரம்பித்தார்.

சபையார் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பணக்காரன் கார் என்றால் ஓய்வுநாளாவது ஒன்றாவது என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். ஜீவரத்தினம் தலை தூக்கவில்லை.

சபை செகரட்டரி ஜெபமணி வந்தார். ரிட்டயர்டு வாத்தியார். குரல் சந்துமுனை வரைக்கும் கேட்கும்.

"ஏம்பா, கர்த்தருக்கு ஊழியமா, காருக்கு ஊழியமா? வர்ற கமிட்டியில சபையிலேர்ந்து உன் பேரை எடுக்கச் சொல்லி நானே எழுதிக் குடுப்பேன்."

"குடுங்கய்யா" என்றார் ஜீவரத்தினம். கை நிற்கவில்லை.

ஜெபமணி வேகமாக உள்ளே போய்விட்டார்.

கோயிலில் பிரசங்கம் ஆரம்பித்தது. மணி ஒன்பதேகால் என்று அர்த்தம். கோடு மங்கியது. ஆனால் தேய்த்த இடம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடந்தது.

ஜீவரத்தினம் துணியில் காம்பவுண்டுப் பசையைத் தடவி அழுத்தித் தேய்த்தார். துணியெல்லாம் சிவப்பு.

"நைனா, கலரு போவுது."

"போவாம கோடு எப்பிடிடா போவும்? தண்ணி ஊத்து."

நகம் தட்டிய இடம் வந்தது. பேப்பரைப் போட்டுவிட்டு வெறும் கட்டைவிரலால் தேய்த்தார். பத்துத் தேய்ப்பு. துடைத்துப் பார்த்தார். இன்னும் பத்து. துடைத்துப் பார்த்தார்.

மெருகு கொடுக்கத் துணி தேடினார். ஷெட்டில் இருந்ததில் எல்லாம் மண். கட்டியிருந்த வேட்டியின் முனையைக் கிழித்தார். மெழுகு தொட்டு இழுத்தார்.

வெளுப்பு கலைந்தது. அடியிலிருந்து சிவப்பு எழுந்து வந்தது. ஈரம் காயாத ரத்தச் சிவப்பு.

"டேய் அப்பாவு, வண்டியை ஏன்டா இங்க கொணாந்தே?"

வேதாச்சலம் வந்துவிட்டார். அப்பாவு தண்ணீர்க் குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"மெருகு போட்டேங்க" என்றார் ஜீவரத்தினம்.

வேதாச்சலம் சுற்றி வந்தார். முன்பக்கம். அந்தப் பக்கம். பின்பக்கம். இந்தப் பக்கம் வந்து நின்றார். குனிந்தார். முகத்தைக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார்.

"கண்ணாடி மாதிரி இருக்குய்யா. ஏறுடா, நேரமாச்சு."

என்ஜின் உறுமியது. சந்து அதிர்ந்தது. திருப்பதி ரோடு திரும்புகிற வரைக்கும் அப்பாவு ஒரு கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போனான். ஜீவரத்தினம் கிழிந்த வேட்டியோடு நின்று, பல் தெரியச் சிரித்தார்.

ஆராதனை முடிந்தது. ஷெட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு சபையார் போனார்கள். எல்லாரும் போன பிறகு ஜெபமணி மட்டும் திரும்பி வந்தார். சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். குரல் பாதிதான் வந்தது.

"கோடு... போயிடுச்சா, ஜீவரத்தினம்?"

"சுத்தமா போயிடுச்சிய்யா. கோட்டுக்குள்ள ஒட்டிக்கினு இருந்த பச்சையும் போயிடுச்சி. போன மாசம் உங்க சைக்கிளுக்கு நான் அடிச்ச பச்சை."