கடைசி இடுக்கு

ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, கதவடியில் பழஞ்சேலையை முறுக்கி வைத்து, அடுப்புக்கு மேலிருந்த புகைபோக்கியையும் தேயிலைச் சாக்கால் அடைத்துவிட்டாள் மரகதவல்லி. பிறந்து பன்னிரண்டே நாளான பிள்ளையை எஸ்டேட் குளிர் தொடக்கூடாது. சாயங்காலமே கணவன் தவமணி கரி கனலும் நெருப்புச்சட்டியைக் கட்டிலடியில் கொண்டுவந்து வைத்தான். "இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்று சுவரில் சாய்ந்தான். அவளுக்கு நெற்றி கனத்தது. அசதி என்று நினைத்துக்கொண்டாள். எப்போதும் நெருப்பைவிட்டு நகராத வீட்டுப் பூனை எழுந்துபோய்க் கதவைப் பிறாண்டியது. "திறக்காத, பிள்ளைக்குக் குளிரும்" என்றான் அவன், கண்ணை மூடியபடியே. குரல் குழறியது. மரகதவல்லி பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்தாள். மூச்சு பட்டது. அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். கதவடியில் பூனை சேலையை இழுத்துக்கொண்டிருந்தது.