பத்துக்குக் கீழே

ஆலோசகர் வேல்விழி நான்கு தாள்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள். பதினெட்டு, பத்தொன்பது, பத்தொன்பது, இருபது.

“பேசும்போது தெளிவாத்தான் இருக்கீங்க, செல்வி. பேப்பர்ல மட்டும் ஏன் மார்க்கு ஏறிக்கிட்டே போகுது? இது குறையணும்லா?”

இசக்கிச்செல்வி தாள்களைப் பார்த்தாள். இந்த மனநல மையத்துக்கு வரத் தொடங்கிய எட்டு வாரத்தில், அவற்றைக் கண்ணால் காண்பது இதுதான் முதல் தடவை.

வெளியே பெஞ்சில் வைத்தே நிரப்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரி என்று போனால் பேனா ஆம்பளை கையில்தான் இருக்கும். கணவன் பரமசிவன் கேள்வியை வாசிப்பான். அவள் பதில் சொல்வாள். அவன் டிக் போட்டு உள்ளே கொடுத்துவிட்டு, செல்போனோடு உட்கார்ந்துகொள்வான்.

அவள் பி.காம். படித்தவள்.

கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் அழுதீர்கள்? போன தடவை “ரெண்டு நாள்” என்றாள். தாளில் ‘அநேகமாகத் தினமும்’.

தூக்கம் கெடுகிறதா? “இப்ப நல்லா வருது” என்றாள். ‘அநேகமாகத் தினமும்’.

பிள்ளையைக் கொஞ்சத் தோன்றாமல் இருக்கிறதா? இந்தக் கேள்வியை அவன் வாசித்ததே இல்லை. அதற்கும் டிக் விழுந்திருந்தது.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை சிவகிரியில் மாமியாரிடம் இருக்கிறாள். ஐந்து மாதக் குழந்தை. குப்புற விழுந்ததைக்கூட போனில்தான் காட்டினார்கள். பால் கட்டிக் கட்டி, துணி நனைந்து நனைந்து, போன மாதத்தோடு வற்றியும் போய்விட்டது.

மார்க்கு இறங்க வேண்டுமே என்றுதான் நடக்கச் சொன்னால் நடந்தாள். மூச்சை எண்ணச் சொன்னால் எண்ணினாள். விழுங்கச் சொன்ன மாத்திரையை விழுங்கினாள்.

“பத்துக்குக் கீழ வந்தாத்தானே மேடம் பிள்ளையத் தருவீய? எங்க வீட்டுக்காரவுக சொன்னாவ.”

வேல்விழியின் கை தாளின் மேலேயே நின்றது.

“நாங்க எப்பம்மா வாங்குனோம்? பிள்ளை உங்ககிட்டதான இருக்கா? ஒவ்வொரு தடவையும் கேக்கேன், நல்லா இருக்கான்னுதான சொல்லுதீங்க?”

நல்லா இருக்கிறாள் என்றுதான் சொன்னாள். போனில் பார்த்ததைச் சொன்னாள். பிரித்து வைக்கச் சொன்னதே இவர்கள்தான் என்று நினைத்திருந்தாள். சொன்னவர்களிடமே போய் அழுதால் அதற்கும் மார்க்கு ஏறுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

வேல்விழி முதல் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வேல்விழியின் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது.

‘தாயையும் குழந்தையையும் பிரிக்க வேண்டாம். பால் கொடுக்கலாம்.’

அதன் கீழே, ‘படித்துப் பார்த்தேன்’ என்று எழுதி, பரமசிவன் ஒப்பம் போட்டிருந்தான். முதல் நாள் தேதி.

இசக்கிச்செல்வி அதை ஒரு முறைதான் வாசித்தாள். எழுந்தாள். கதவைத் திறந்தாள்.

பெஞ்சில் அவன் இந்த வாரத்துத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி இருந்தான். அவளைக் கேட்காமலேயே ஏழு கேள்வி முடித்திருந்தான்.

“அதுக்குள்ள முடிஞ்சிட்டாட்டீ?”

கல்யாணமான மூன்று வருஷத்தில் அவனைப் பேர் சொல்லிக்கூட அவள் கூப்பிட்டதில்லை.

“ஏலே, எந்திரி. சிவகிரிக்குப் போவணும்.”