இரட்டை வரிசை ரேடியேட்டர்

"அதைக் கீழே வைங்க. வைங்கன்னு சொல்றேன்ல!"

மனைவி போட்ட சத்தத்தில் அந்த ரேடியேட்டர் கடையே ஒருதரம் அதிர்ந்து அடங்கியது. கணவன் கையில் இருந்த ரேடியேட்டரைக் கவுண்டர் மேல் வைக்கவுமில்லை, விடவுமில்லை. பாதி தூக்கினபடியே முறைத்தான்.

கடைக்காரர் அவசரமாக ஒரு நாற்காலியை எடுத்து வந்து ஃபேனுக்கு அடியில் போட்டார். "மேடம், இப்படி உக்காருங்க. இது எண்ணெயும் அழுக்குமா இருக்கிற இடம். சார் பாத்து எடுத்துப்பார்."

அவள் உட்காரவில்லை.

வாசலில் அவனுடைய டர்போ கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை ரேஸ். இன்று வெள்ளி. போன வருடம் இதே ரேஸில் முதலாவதாகப் பறந்துகொண்டிருந்த வண்டி, பாதியில் கொதித்து ஓரங்கட்டியது. இந்த முறையும் கொதித்தால் அவ்வளவுதான், இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

"எடை தெரியுமா உனக்கு?" என்றான் கணவன். "இது மூணரைக் கிலோ. நீ கேக்கறதெல்லாம் ஆறு கிலோ. வண்டி மூக்குல அவ்ளோ பாரத்தை ஏத்தினா வளைவுல எப்படித் திரும்பும்?"

"திரும்பறது இருக்கட்டும், முதல்ல ஓடணும்ல? நடுவுல அலுமினியம், ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி. ரெண்டையும் சேத்து மடிச்சுப் புடிச்சிருக்கான், அவ்ளோதான். சூடு ஏறினா முதல்ல வாயைப் பொளக்கறது அந்த மடிப்புதான். போன வருஷம் பொளந்ததும் அதேதான்."

"அது ஹோஸ் பிரச்சினை. பத்தாவது சுத்துல ஹோஸ் கழண்டுக்கிச்சு."

"எட்டாவது சுத்து! மேட்டு வளைவு தாண்டினதும். குபுகுபுன்னு வந்த ஆவியில எது ரோடு, எது சுவர்னே தெரியல எனக்கு. என்கிட்டயே கதை விடறீங்களா?"

கடைக்காரர் உச்சுக் கொட்டினார். "பாவம், பயந்தே போயிருப்பீங்க மேடம்."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் சட்டென்று வியாபாரத்துக்குத் தாவினார். உள்ளேயிருந்து பளபளவென்று ஒன்றைச் சுமந்து வந்து கவுண்டரில் இறக்கினார். "சண்டையே வேணாம். தண்ணி ஓடற குழாய் மூணு வரிசை. முழுசும் அலுமினியம், முழுசும் வெல்டிங். இதைப் போட்டா இன்ஜின் ஐஸ் மாதிரி இருக்கும்."

அவள் கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டை வரும் என்று எதிர்பார்த்தார் கடைக்காரர். ஸ்டீல் ஸ்கேல் வந்தது.

"அறுபத்தஞ்சு மில்லி தடிமன். இதை வச்சா ஃபேனை எங்க வைக்கறது, டிக்கியிலயா? முன்னால நுழையற காத்து பின்னால வெளிய வர வேணாமா? இவ்ளோ நெருக்கமா தகடு அடிச்சா காத்து முட்டிக்கிட்டுத்தான் நிக்கும்."

பேசிக்கொண்டே மூலையை நகத்தால் சுரண்டினாள். வெள்ளி வண்ணம் உதிர்ந்து, உள்ளே மஞ்சளாக எதுவோ எட்டிப் பார்த்தது.

"இது என்ன? வெல்டிங்னு சொன்னீங்க! பசை போட்டு ஒட்டி, மேல பெயின்ட் அடிச்சு வச்சிருக்கீங்க. இதுக்குள்ள ஓடப்போறது கொதிக்கற தண்ணி, ஞாபகம் இருக்கா?"

"கம்பெனியிலேர்ந்தே அப்படித்தான் மேடம் வருது..."

"அப்ப கம்பெனிக்காரனையே வச்சு ஓட்டிக்கச் சொல்லுங்க!"

கடைக்காரர் மூன்று வரிசையை ஓரமாகத் தள்ளிவைத்தார். அவள் குனிந்து, அலமாரியின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒன்றை இழுத்தாள். இரட்டை வரிசை. ஸ்கேல் வைத்துப் பார்த்தாள், நாற்பது மில்லி. நான்கு மூலையையும் விரலால் தடவினாள். அசல் வெல்டிங், சொரசொரவென்று கையில் தட்டியது. ஹோஸ் மாட்டும் வாய்கள் சரியான பக்கத்தில் இருந்தன.

"இதுதான்."

கணவன் வெடித்தான். "வண்டி என்னோடது! ஓட்டப்போறவன் நான்! கொதிச்சா கொதிக்கட்டும், நான் பாத்துக்கறேன்!"

"என்ன பாத்துப்பீங்க? பானெட்டைத் தூக்கிட்டு இடுப்புல கை வச்சிட்டு நிப்பீங்க. அப்புறம் வருஷம் பூரா வர்றவன் போறவன்கிட்டல்லாம், 'வண்டி கொதிச்சிடுச்சு, இல்லன்னா கோப்பை என் கையில'ன்னு பாட்டு பாடுவீங்க. எங்கப்பாவைப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனா, பக்கத்துக் கட்டில்காரர்கிட்டயும் அதே பாட்டு! அந்த மனுஷன் போர்வையை இழுத்துத் தலை வரைக்கும் மூடிக்கிட்டார். கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு!"

கணவன் பிளாஸ்டிக் தொட்டி ரேடியேட்டரைத் தொப்பென்று கவுண்டரில் போட்டான். விறுவிறுவென்று வெளியே போய், திறந்திருந்த பானெட்டை ஓங்கிச் சாத்தினான்.

கடைக்காரர் இரட்டை வரிசையை அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டினார். கட்டி முடித்ததும் அவளைப் பார்த்துக் கை கூப்பினார்.

"எத்தனையோ ரேஸ்காரங்களைப் பாத்திருக்கேன் மேடம். ஆனா வீட்டுக்காரர் ஜெயிக்கணும்னு இப்படி மல்லுக்கட்டி வாங்கிக் குடுக்கற பொண்டாட்டியை இன்னிக்குத்தான் பாக்கறேன். சார் குடுத்து வச்சவர்."

பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டவள், கோபம் துளியும் குறையாமல் அவரைப் பார்த்தாள்.

"போன வருஷம் ஜெயிச்சதே நான்தாங்க. இந்த வருஷம் கொதிக்காத வண்டியைத் தோற்கடிக்கணும்!"