பின்கதவு

அரசு மருத்துவமனையில் நோயாளிகளைப் போல வரிசையில் நின்று டாக்டரைப் பார்த்துவிட்டு வா என்று பேராசிரியை அனுப்பிய மாணவன், பத்தே நிமிடத்தில் பல்லெல்லாம் தெரிய வந்து நிற்கிறான். ஒரு கையில் நூற்றுப்பன்னிரண்டாம் டோக்கன், மறு கையில் மருந்துச் சீட்டு. சுவரிலுள்ள பலகையில் சிவப்பு எண் இன்னும் முப்பத்தொன்றிலேயே மினுங்குகிறது. முப்பத்திரண்டாம் டோக்கன்காரி, காய்ச்சலில் முனகும் குழந்தையை மடியில் போட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பேராசிரியைக்குச் சுர்ரென்று உச்சிக்கு ஏறுகிறது. "எப்படிடா?" "மெடிக்கல் ஸ்டூடன்ட்னு சொன்னேன் மேடம், பின்கதவு வழியா விட்டுட்டாங்க." "சுகாதாரக் கொள்கை, சமத்துவம்னு மூணு வாரமா தொண்டை கிழியக் கத்துறேனே, வெட்கமா இல்ல? யாரு உனக்கு அந்தக் கதவைக் காட்டினது?" பிடுங்கிய சீட்டு அவள் முஷ்டிக்குள் கசங்குகிறது. அவன் புரியாமல் விழிக்கிறான். "நீங்கதான் மேடம். போன வாரம் உங்க அம்மாவுக்குக் கண்ணு காட்ட வந்தப்ப, பையைத் தூக்கிட்டு நான்தானே பின்னாடி வந்தேன்."