மிச்சக் கதை

"ஏட்டி, இம்புட்டு கவனமா எதைப் படிக்க? அந்தப் பாட்டுக்கு நாலு மார்க்குதான்" என்று முழங்கையால் இடித்தாள் பக்கத்தில் இருந்த ஷைஸ்தா.

கோகிலவாணி நிமிரவில்லை. தமிழ்ப் பாடப்புத்தகத்தில், பழைய காப்பியம் ஒன்றிலிருந்து எடுத்துப் போட்ட இருபது வரி. கப்பல் கவிழ்ந்து, தெரியாத கரையில் ஒதுங்குகிறாள் ஒரு வணிகன் மகள். நனைந்த ஆடையோடு மணலில் நின்று, என் ஊர் எந்தப் பக்கம் என்று அலையிடம் கேட்கிறாள். அவ்வளவுதான். அதற்குக் கீழே பயிற்சி வினாக்கள்.

"இவ ஊருக்குப் போய்ச் சேந்தாளா, இல்லியா, ஏட்டி?"

"யாருக்குத் தெரியும்? அது பரீட்சைல வராது." ஷைஸ்தா அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த நீல நூலை எடுத்து ஊதினாள். "முழுக் கதை அந்தா, கண்ணாடி பீரோவுல கெடக்கு. அதைத் தொறந்து நான் பாத்ததே இல்ல."

நாகலக்ஷ்மி டீச்சர் உள்ளே வந்தார். அவர் பின்னால் கல்வி அதிகாரி. தாராவியின் தமிழ்ப் பள்ளிகளைப் பார்வையிட வந்தவர். தலைகளை எண்ணிக் குறித்துக்கொண்டார். பிறகு பாடப்புத்தகத்தைப் புரட்டினார்.

"கரையில நிக்கிறாளே, இந்தப் பொண்ணைப் பத்தி உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?"

"எல்லாரும் இருபது வரியும் மனப்பாடமாச் சொல்லுவா, சார்" என்றார் டீச்சர் அவசரமாக.

"கேக்கணுமான்னு கேட்டேன்."

கோகிலவாணி எழுந்தாள். சட்டை தோளில் இறுக்கிப் பிடித்தது. "அப்புறம் அவ வீட்டுக்குப் போயிட்டாளா சார்?"

வகுப்பே சிரித்தது. "அது சிலபஸ்ல இல்லை, சார்..." என்று டீச்சர் இழுத்தார்.

அதிகாரி சிரிக்கவில்லை. "போற ஸ்கூல்ல எல்லாம் 'எத்தனை மார்க்'னுதான் கேக்குறாங்க. 'அப்புறம்'னு யாரும் கேட்டதில்லம்மா. உன் பேரென்ன?"

"கோகிலவாணி, சார்."

"டீச்சர், அந்த பீரோவைத் திறங்க."

புத்தகம் அவள் கைக்கு வந்தது. நினைத்ததைவிடக் கனம். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. அடுத்த தடவை வரும்போது முடிவை நீதான் எனக்குச் சொல்லணும்" என்றார் அதிகாரி.

அவர் ஏறிய வண்டி சயான் பக்கம் திரும்பி மறையும் வரை டீச்சர் வாசலில் நின்றார். பிறகு வந்து கையை நீட்டினார்.

"அதைக் குடு."

"ஒருநாள் மட்டும், டீச்சர். நாளைக்கே கொண்டாந்து..."

"இதெல்லாம் ஸ்கூல் குழந்தைகளுக்குத்தான், கோகிலா." புத்தகம் பீரோவுக்குள் போனது.

"கடைசிப் பக்கம் மட்டும்... இங்கனயே நின்னு வாசிச்சிருதேன், டீச்சர்."

டீச்சர் அவள் முகத்தைப் பார்க்காமல் பூட்டை அழுத்தினார். "நேரமில்லைடி. மத்தியானத்துக்குள்ள அனுப்பிடறேன்னு உன் தையல் கார்கானா சேட்கிட்ட சொல்லித்தான் தலை எண்ணிக்கைக்கு உன்னைக் கூட்டிண்டு வந்தேன். யூனிபார்மைக் கழட்டி வெச்சுட்டுப் பின்வாசல் வழியாப் போ. அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் அனுப்பறேன்."