வெள்ளிக்கிழமைத் தீனி

நல்லம்பள்ளி வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியே சாயங்கால வெயில் பிளாஸ்டிக் டப்பாவின் மேல் விழுகிறது. உள்ளே முட்டை அட்டைக் குழிகளில் சில்வண்டுகள் விடாமல் கத்துகின்றன. பெங்களூருக்கு வேலைக்குப் போன மகள் பிளசி ஆசையாக வளர்த்து, விட்டுப்போன புள்ளிப் பல்லிக்கு இவைதான் தீனி. கேரட் துண்டு போட்டு இவற்றை வளர்ப்பது அப்பா சவரிமுத்து. ஒரு வண்டை டம்ளரில் விட்டு, சத்துப் பொடி தூவி மெதுவாகக் குலுக்குகிறார். மாவில் புரண்டதுபோல் வெளுத்த வண்டை இடுக்கியில் பிடித்துக் கண்ணாடித் தொட்டிக்குள் நீட்டுகிறார். ஒரு வாரமாக எதையும் தொடாத பல்லி இன்றுதான் உள்ளே கிடக்கும் ஓட்டுத் துண்டுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி வால் நுனியை ஆட்டுகிறது.

அடுப்படியில் கீரை கடையும் மனைவி ராயம்மாள் திரும்பாமலே சொல்கிறாள், "வெள்ளிக்கிழமைங்க."

இடுக்கி அப்படியே நிற்கிறது. தவக்காலத்து வெள்ளி என்றால் இந்த வீட்டில் சுத்தபோசனம். கறி மீன் வாசலைத் தாண்டாது. போன வெள்ளி பல்லிக்கும் அவர் கேரட்டைத்தான் நீட்டினார். அன்றைக்கு அது முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான், அப்புறம் எதையும் தொடவில்லை. இப்போது வண்டின் கால்கள் காற்றைத் துழாவுகின்றன. அவர் கையை மெல்லப் பின்னுக்கு இழுக்க, பல்லியின் தலையும் கூடவே வருகிறது. ராயம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து, இளைத்துப்போன அதன் வாலையே பார்க்கிறாள்.

"அதுக்கென்ன ஞானஸ்நானமா குடுத்திருக்கு? போடுங்க."

சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்கிறாள். இடுக்கி காலியாகிறது.